நீச்சல் குளம் போல ஓர் ஐஸ் அரங்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் இருக்கும் காலணி அலமாரியைச் சுத்தம் செய்தபோது, அடித்தட்டில் என் மகளின் ஸ்கேட்டிங் காலணி கிடைத்தது. பிளேடில் இலேசாகத் துரு. உள்ளே ஒற்றைக் கம்பளிக் காலுறை சுருண்டு கிடந்தது. 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்ட்டில் ஐஸ் அரங்கத்தோடு இருந்த ஜேகியூப் கடைத்தொகுதி மூடிய பிறகு அந்தக் காலணி நாலைந்து முறைதான் வெளியே வந்திருக்கும், இப்போது அவள் காலுக்கு இரண்டு அளவு சின்னதாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான், ரொம்ப நாளாக மனத்தில் இருக்கும் இந்த யோசனையை எழுதி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

யோசனை இதுதான். அரசாங்கம் ஒரு துண்டு நிலத்தைக் குறைந்த வாடகைக்குத் தரவேண்டும். அதில் லாப நோக்கமில்லாத ஓர் அறநிறுவனம் நன்கொடையில் ஐஸ் அரங்கம் கட்டி நடத்த வேண்டும். பேட்டை நீச்சல் குளத்துக்குப் போவது மாதிரி பிள்ளைகள் போய் வர வேண்டும், கட்டணமும் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

“வெயில் ஊரில் எதற்கு ஐஸ்?” என்றுதான் முதல் கேள்வி வரும். அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பே குளிரை உண்டாக்குவதுதான். 1997இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இன்று வரை கட்டடங்களின் சில்லர், அதாவது குளிரூட்டும் இயந்திரப் பராமரிப்பில்தான் இருக்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் ஜில்லென்று உட்கார்ந்திருக்கும்போது மொட்டை மாடியில் கூலிங் டவர் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன். இந்த நாட்டில் நாம் மாலிலும் எம்ஆர்டி ரயிலிலும் சினிமா அரங்கிலும் குளிரை இரவு பகலாக உற்பத்தி செய்கிறோம். அந்தக் குளிரில் ஒரு சின்னப் பங்கைப் பிள்ளைகள் ஓடி விளையாடக் கொடுப்பதில் என்ன தவறு என்றுதான் கேட்கிறேன்.

ஊரில் எங்களுக்கு ஐஸ் என்றால் மீன்கூடையில் கிடக்கும் கட்டி, இல்லையென்றால் சைக்கிள் பெட்டியில் மணியடித்துக்கொண்டு வரும் சேமியா ஐஸ். என் மகளுக்கு ஏழு வயதில் நான் அவளை ஜேகியூபுக்குக் கூட்டிப்போனபோது, அவளைவிட எனக்குத்தான் பயம். பென்குவின் பொம்மை ஒன்று தருவார்கள், அதன் இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு தள்ளிக்கொண்டே போக வேண்டும். முதல் அரைமணி நேரம் அவள் அதை விடவே இல்லை. அப்புறம் ஒரு கையை எடுத்தாள். அப்புறம் பொம்மையைத் தடுப்புச் சுவரோரம் நிறுத்திவிட்டு நாலடி தனியாக வந்து, பொத்தென்று விழுந்து, கையுறையெல்லாம் ஐஸ் தூளாக எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். சேலைமேல் என்னுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மைலோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எந்திரிச்சிட்டாளா, எந்திரிச்சிட்டாளா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று தலைமுறை ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம், ஒருவர் கையிலும் கைப்பேசி இல்லை. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை, ஆனாலும் மற்றக் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூரோங் ஈஸ்ட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே முன்பு ஜூரோங் என்டர்டெயின்மென்ட் சென்டர் இருந்தது, அதற்குள் ஓர் ஐஸ் அரங்கம் இருந்தது. அந்தக் கட்டடம் 2008இல் மூடப்பட்டது. அதே இடத்தில் ஜேகியூப் எழுந்து 2012இல் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் அளவு தளம் திறந்தது. பதினோரு வருடம் ஓடியது. இப்போது அதே நிலம் குடியிருப்புக் கோபுரத்துக்குப் போய்விட்டது. ஜேகியூப் மூடியபோது நிரந்தர அரங்கம் என்று மிச்சமிருந்தது காலாங் லெஷர் பார்க்கில் இருந்த ஒன்றுதான், அதுவும் ஒலிம்பிக் அளவைவிடச் சிறியது. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. கடைத்தொகுதி நடத்துபவர்களுக்கு ஒவ்வொரு சதுர அடியும் வாடகைக் கணக்கு. 1,800 சதுர மீட்டரில், தூண் இல்லாமல், இரண்டு மூன்று மாடி உயரத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு தளத்தை அந்தக் கணக்குக்குள் எத்தனை காலம் வைத்திருக்க முடியும்? கட்டடத்துக்கு வயதானதும் முதலில் போவது அதுதான். மறுபடி ஒரு மாலில் திறந்தாலும் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இதே கதைதான் நடக்கும். அதனால்தான் ஐஸ் கடைத்தொகுதியை விட்டுப் பொது நிலத்துக்கு வரவேண்டும் என்கிறேன்.

இடையில் அந்தப் பதினோரு வருடத்தில் என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2017இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் முதல்முறையாகக் குளிர்கால விளையாட்டுகளைச் சேர்த்தார்கள். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் யு ஷுரான் நமக்குத் தங்கம் வாங்கித் தந்தார், 500 மீட்டர் வேகச் சறுக்கில் லூகஸ் இங் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டே, 2018இல், தென்கொரியாவின் பியோங்சாங்கில் நம் நாட்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீராங்கனையாக ஷெயன் கோ கொடி பிடித்துப் போனார், பதினெட்டு வயதில். அவரைப் பயிற்றுவித்தவர் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற சுன் லீ கியுங். சரி, ஷெயன் கோ சறுக்கக் கற்றது எங்கே? நாலு வயதில் குடும்பத்தோடு கனடாவின் ஆல்பர்ட்டாவுக்குப் போனவர், அங்கேதான் ஐஸ் ஹாக்கி ஆடி, பிறகு வேகச் சறுக்குக்கு மாறினார். கனடாவில் ஊருக்கு ஊர் நகராட்சி அரங்கம் உண்டு, நமக்குச் சமூக மன்றம் இருப்பது மாதிரி. அங்கே வளர்ந்ததால் அவருக்கு ஐஸ் கிடைத்தது. புக்கிட் பாத்தோக்கில், ஈசூனில் வளரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கிருந்து வரும்? என் மகளோடு சறுக்கிய ஒரு பெண்ணின் பெற்றோர் இப்போது சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கடற்பாலத்தில் வரிசையில் நின்று, மலேசியாவின் ஜோகூர் பாரு பாரடைம் மாலில் இருக்கும் அரங்கத்துக்குப் போய் வருகிறார்கள். எல்லாக் குடும்பத்தாலும் அது முடியுமா?

காசு விஷயத்துக்கு வருகிறேன். நுழைவுச்சீட்டு, காலணி வாடகை, கையுறை, காலுறை எல்லாம் சேர்த்து நாலு பேர் கொண்ட குடும்பம் ஒருமுறை ஐஸில் கால் வைத்துவிட்டு வர ஏறக்குறைய எண்பது வெள்ளி (டாலர்) கரைந்துவிடும். நாங்கள் வருடத்துக்கு ஐந்தாறு முறை போனதே வீட்டில் பேசிப் பேசித்தான். தனிப்பயிற்சி என்று போனால் அதற்கு எல்லையே இல்லை. பேட்டை நீச்சல் குளத்தில் ஒன்றிரண்டு வெள்ளியில் நாள் முழுக்கக் கிடக்கலாம். நீச்சலும் ஒரு காலத்தில் எல்லாருக்குமானதாக இங்கே இருக்கவில்லை, கிளப் உறுப்பினர்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1973 சீப் (தென்கிழக்காசியத் தீபகற்ப) விளையாட்டுகளுக்காக தோ பாயோவில் குளம் கட்டினார்கள், அப்புறம் பேட்டை பேட்டையாகக் குளங்கள் வந்தன, இன்றைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பிள்ளை நீந்துவதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. ஐஸுக்கும் அந்த மாற்றம் வரமுடியும் என்று நம்புகிறேன்.

“அப்படியானால் அரசாங்கமே கட்டட்டுமே, அறநிறுவனம் எதற்கு?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு அதில் பயம் இருக்கிறது, அதற்குக் காரணம் டேராடூன். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக உத்தராகண்டில் ஒலிம்பிக் அளவில் ஓர் உள்ளரங்கம் கட்டினார்கள். போட்டி முடிந்தது, மின் கட்டணத்தையும் பராமரிப்பையும் சுமக்க ஆளில்லாமல் பத்து வருடத்துக்கும் மேலாகப் பூட்டியே கிடந்தது. 2025இல்தான் திரும்பத் திறந்து அனைத்துலகப் போட்டி நடத்தினார்கள். கட்டுவது சுலபம். தினமும் காலை கம்ப்ரசர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, வருட முழுக்க நேரத்தை விற்று, மாதக் கடைசியில் மின் கட்டணத்தைக் கட்டுவதற்கு என்றே வாழும் ஓர் அமைப்பு வேண்டும். வேறு வேலைகள் நூறு வைத்திருக்கும் ஒரு துறையால் அதைச் செய்ய முடியாது. கடைத்தொகுதியாலும் முடியவில்லை. அதனால்தான் இந்த ஒரு வேலைக்காகவே இருக்கும் அறநிறுவனம் என்கிறேன்.

இது நம் சமூகத்துக்குப் புதிதும் கிடையாது. பாலஸ்டியர் சாலையோரம் போய்ப் பாருங்கள். 1923இல் தொடங்கிய இந்தியர் சங்கம், பக்கத்தில் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், சீக்கியர்களின் கால்சா சங்கம், எல்லாம் வரிசையாகத் திடலைச் சுற்றி இருக்கின்றன. சாதாரண குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் சந்தா போட்டுச் சங்கம் வைத்து, மாலையில் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மண் அது. அந்தத் திடல்களில் எத்தனை தலைமுறை ஹாக்கி ஆடியிருக்கிறது! அதே ஹாக்கி ஐஸிலும் இருக்கிறது, பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வட்டு, அவ்வளவுதான். தவிர, நம்மில் வேலை செய்யும் பலரின் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் சிண்டாவுக்கு ஒரு தொகை போகிறது, 1991இல் தொடங்கிய அந்த அமைப்பு பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கிறது. ஆக, சிறு துளியாகச் சேர்த்துப் பொதுக்காரியம் செய்வது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் அரங்கம் தமிழருக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை, எல்லா இனத்துக்கும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்த மாதிரிக் காரியம் நடக்கும்போது நம் ஆட்கள் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கடைசியில் வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது.

பணத்துக்கு வழிகள் இருக்கின்றன. பொதுத்தன்மை அமைப்பு என்ற தகுதி கிடைத்துவிட்டால் நன்கொடை தருபவருக்கு இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. தேசிய விளையாட்டுச் சங்கம் வழியாகத் திரட்டும் பணத்துக்கு ஒன் டீம் சிங்கப்பூர் நிதி வெள்ளிக்கு வெள்ளி ஈடு கொடுக்கிறது, சிங்கப்பூர் ஐஸ் ஸ்கேட்டிங் சங்கமும் இதில் கைகோத்தால் அந்தப் பாதையையும் பார்க்கலாம். அன்றாடச் செலவை நேரம் விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை தீவிரமாகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள், பகலில் பள்ளிகள், மாலையில் பொதுமக்கள், இரவு ஒன்பதரைக்கு மேல் வேலை முடித்து வரும் பெரியவர்களின் ஹாக்கிக் குழுக்கள். இந்த இரவுக்குழுக்கள் முழு விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், மணிக்கணக்கில் தளத்தை வாடகைக்கு எடுப்பார்கள். அந்தப் பணம்தான் பகலில் வரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் ஐந்து வெள்ளிச் சீட்டைத் தாங்க வேண்டும், காலணியோடு சேர்த்து ஐந்து வெள்ளி. காலணியையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். என் வீட்டு அலமாரியில் இருப்பது மாதிரி இந்தத் தீவில் எத்தனை ஜோடி சும்மா கிடக்கும்! கொண்டுவந்து கொடுக்கச் சொன்னால் துரு நீக்கிப் பிளேடு தீட்டிக் கொடுக்கத் தொண்டூழியர்கள் கிடைப்பார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் தளம் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கான்கிரீட் தளத்துக்குள் நெருக்கமாகக் குழாய்கள் ஓடும், அதில் உப்புநீரோ கிளைக்கால் என்ற உறையாத திரவமோ மைனஸ் ஒன்பது பத்து டிகிரியில் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய வைப்பார்கள். நடுவில் வெள்ளைச் சாயம் அடித்துக் கோடு போட்டு, மறுபடி தெளித்து, மொத்தமே மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஐஸ். ஒலிம்பிக் அளவுத் தளத்துக்கு 54,000 லிட்டர் தண்ணீர் போதும். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கு 25 லட்சம் லிட்டர் வேண்டும். தண்ணீர் வீண் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மின்சாரம்தான் உண்மையான கேள்வி, அதை நான் மூடி மறைக்க மாட்டேன். குளிரூட்டும் திறனை அளக்கும் டன் கணக்கில் பார்த்தால் ஒரு நடுத்தர அலுவலகக் கட்டடத்துக்கு ஓடும் சில்லரைவிட இது பெரிதாக இருக்காது. ஆனால் அலுவலகத்துக்கு ஆறு ஏழு டிகிரித் தண்ணீர் போதும், இங்கே மைனஸ் பத்துக்கு இறக்க வேண்டும், அதே குளிருக்குக் கம்ப்ரசர் அதிகம் உழைக்கும். அதோடு நம் ஊரில் ஐஸுக்கு எதிரி வெயிலைவிட ஈரப்பதம். வெளிக்காற்றின் டியூ பாயின்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, இங்கே 24 டிகிரிக்கு அருகில் நிற்கிறது, அரங்கத்துக்குள்ளே அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். வாசல் கதவை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் போதும், தளத்துக்கு மேலே மூடுபனி கிளம்பிவிடும். கூரை சரியில்லை என்றால் அதில் நீர் கோத்துச் சொட்டுச் சொட்டாக ஐஸில் விழுந்து சின்னச் சின்ன மேடாக உறையும், வேகமாக வரும் பிள்ளையின் பிளேடு அதில் தட்டினால் பல் போகும். ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் இந்த மேடுகளைச் சுரண்டி எடுக்கும் வேலையை ஒரு மாதம் செய்திருக்கிறேன். அதனால் பணத்தைக் கூரையிலும் சுவரிலும் உலர்த்தும் இயந்திரத்திலும் போடவேண்டும், வாசலுக்கு இரட்டைக் கதவு போடவேண்டும், முகப்புக் கண்ணாடியிலும் அலங்காரத்திலும் போடக்கூடாது.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. குளிரை உண்டாக்கும் இயந்திரம் அதே நேரம் வெப்பத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கும், அதைத்தான் நாங்கள் தினமும் கூலிங் டவர் வழியாக வானத்துக்கு விடுகிறோம். ஐஸ் அரங்கத்தில் அந்த வெப்பத்துக்கு வேலை இருக்கிறது. தளத்தைச் சமன்படுத்தும் வண்டியை ஸாம்போனி என்பார்கள், 1949இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஸாம்போனி என்பவர் செய்தது. அது மேற்பரப்பைச் சீவி எடுத்துவிட்டு, பின்னாலேயே ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரைப் பரப்பிக்கொண்டு போகும். வெந்நீரில் கரைந்த காற்று குறைவு, கீறல்களையும் இலேசாக உருக்கி நிரப்பும், அதனால் ஐஸ் கண்ணாடி மாதிரி இறுகும். அந்த வெந்நீர், குளியலறை வெந்நீர், தளத்துக்கு அடியில் மண் உறையாமல் காக்கும் சூடு, எல்லாவற்றுக்கும் கம்ப்ரசர் வெப்பத்தைப் பிடித்துப் பயன்படுத்தலாம். பக்கத்திலேயே மூத்தோருக்கு ஒரு சிறிய வெதுவெதுப்பான குளம் வைத்தால், முழங்கால் அறுவை செய்தவர்கள் அதில் நடந்து பழகலாம். பேரப்பிள்ளை ஐஸில், தாத்தா பாட்டி வெந்நீரில், இரண்டுக்கும் ஒரே இயந்திரம். எனக்கு இந்த எண்ணம் வந்த நாளில் இரவு தூக்கம் வரவில்லை.

ஸாம்போனி சீவிய ஐஸ் தூளை ஒருமுறை ஓர் அரங்கத்தின் பின்வாசலில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தேன், நண்பகல் வெயிலில் இடுப்புயரத்துக்கு வெள்ளைக் குவியல். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, ஒரு பிடி அள்ளி மகளின் கையில் வைத்தார். அதைக்கூட வீணாக்க வேண்டாம், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் தண்ணீரைக் குளிர்விக்கப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பழைய அரங்கங்கள் பலவற்றில் அம்மோனியாதான் குளிர்பதன வாயு. 2017 அக்டோபரில் கனடாவின் ஃபெர்னி என்ற சிற்றூரில் அரங்கத்தின் பழைய குளிர்விப்பானில் கசிவு ஏற்பட்டு, அம்மோனியா உப்புநீரில் கலந்து, மூன்று பேர் இறந்துபோனார்கள். வேலைக்குப் போனவர்கள், என்னைப் போல இயந்திர அறைக்குள் நின்றவர்கள். வீவக புளோக்குகளுக்கு நடுவில் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் அம்மோனியா வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கு அரங்கத்துக்குக் கரியமில வாயுவையே குளிர்பதனப் பொருளாக வைத்துக் காட்டினார்கள். நம் வெப்பத்தில் அதன் திறன் குறையும், அதை ஈடுகட்டும் வடிவமைப்பு இருக்கிறது, பொறியாளர்கள் உட்கார்ந்து பேசட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இயந்திர அறைக்குப் பராமரிப்பு அட்டவணையும் அதற்கான பணமும் முதல் நாளிலிருந்தே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், மற்றச் செலவு எதற்காகவும் அதில் கை வைக்கக்கூடாது.

நிலத்துக்கு வருவோம். இங்கே நிலம் என்று வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிப்பார்கள், தெரியும். ஆனால் வேறு திட்டம் வரும்வரை காத்திருக்கும் அரசு நிலங்களைச் சிங்கப்பூர் நில ஆணையம் சில வருடத்துக்கு வாடகைக்கு விடுகிறது, கால்பந்துக் கூண்டுகளும் பாலர் பள்ளிகளும் அப்படி நடக்கின்றன. ஐஸ் தளத்தையும் கழற்றி மாட்டும் வகையில் செய்யலாம், அந்தத் தொழில்நுட்பம் பழையது. கான்கிரீட்டில் குழாயைப் புதைக்காமல், ரப்பர் குழாய்ப் பாய்களைப் பாய் விரிப்பது மாதிரி விரிப்பார்கள், சில்லர் முழுக்கக் கன்டெய்னருக்குள் இருக்கும், மேலே இரும்புச் சட்டமும் இரட்டைத்தோல் கூரையும். நிலம் திரும்ப வேண்டும் என்று சொன்னால் சுருட்டி லாரியில் ஏற்றி அடுத்த இடத்துக்குப் போகலாம். ஐரோப்பிய நகரங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சதுக்கத்தில் போட்டு எடுப்பது இந்த வகைதான். நமக்கு வருடம் முழுக்க ஓட வேண்டும் என்பதால் கூரையையும் சுவரையும் நன்றாகக் காப்பிட வேண்டும், செலவு கூடும். அதனால் மூன்று வருட உரிமம் போதாது, குறைந்தது பதினைந்து வருடமாவது உறுதி வேண்டும், இல்லாவிட்டால் எந்த நன்கொடையாளரும் நம்பிப் பணம் போட மாட்டார்.

இடம் எது என்று கேட்டால் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. ஜூரோங் டவுன் ஹால் ரோட்டில் இருக்கும் சயின்ஸ் சென்டர், சைனீஸ் கார்டன் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் கட்டும் புதிய இடத்துக்குப் போகப் போகிறது. பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் 2000ஆம் ஆண்டிலிருந்து ஸ்னோ சிட்டி இருக்கிறது, நம் பிள்ளைகளில் பாதிப்பேர் முதல்முதலாகப் பனியைத் தொட்டது அங்கேதான். குளிர் என்றால் அந்தப் பக்கம் என்று ஜூரோங்வாசிகளுக்கு மனத்தில் பதிந்துவிட்டது. அந்த நிலம் காலியாகும்போது அதன் ஒரு மூலையைக் கேட்கலாம். தெற்கிலோ கிழக்கிலோ வேறு இடம் கிடைத்தாலும் சந்தோஷம்தான், எம்ஆர்டியிலிருந்து பிள்ளைகள் தனியாக நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

உடற்குறையுள்ளோருக்கு முதல் நாளிலிருந்தே இடம் வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆடும் ஐஸ் ஹாக்கி இருக்கிறது, தாழ்வான சறுக்கு வண்டியில் உட்கார்ந்து, முனையில் பல் வைத்த இரண்டு சிறு மட்டைகளால் உந்திக்கொண்டே ஆடுவார்கள். அதற்குத் தடுப்புச் சுவரின் வாசலும் வீரர் பெட்டியும் தளத்தின் மட்டத்துக்கே இருக்க வேண்டும், கட்டி முடித்த பிறகு இடித்து மாற்றுவது நடக்காத காரியம். என் அண்ணன் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். மற்றவர்கள் சறுக்குவதைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை, திரும்பும்போது எம்ஆர்டியில் மட்டும் “சித்தப்பா, அந்தத் தரையில என் நாற்காலி எவ்வளவு வேகமா போகும்?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ரொம்ப வேகமாகப் போகும்டா.

உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் கட்டட வடிவமைப்பாளர்கள், கணக்காளர்கள், அறநிறுவனம் பதிவு செய்து அனுபவப்பட்டவர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பீர்கள். இந்த யோசனையில் ஓட்டை இருந்தால் இதே பக்கத்தில் எழுதுங்கள், முக்கியமாகக் கட்டண விஷயத்தில் என் கணக்கு தவறு என்றால் சொல்லுங்கள். சரி என்று தோன்றினால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள், நான் அடுத்த திங்கட்கிழமை இரவு போகப் போகிறேன். நாலு பேர் சேர்ந்தால் முதல் கூட்டத்தை எங்கள் புளோக் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம், தேநீர் என் செலவு.

அரங்கம் வந்தால் சனி ஞாயிறு காலை வேளைகளில் சில்லர் அறையைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்ள நான் தயார், என்னோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரும் சரி என்றிருக்கிறார்கள். மகளின் காலணிக்குத் துரு நீக்கி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். சின்னக் கால் உள்ள யாருக்காவது அது சரியாக இருக்கும்.

இங்ஙனம்,
புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகர்